‘ஒரு ஊரில் ஒரு ராஜா’வும் ‘தேர் இஸ்’ஸும்

பள்ளி ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். கல்லூரி மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். அலுவலகம் முடிந்து தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் நேரே வந்திருக்கிறீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இந்த மயிலாப்பூரில் ஒரு மாலைப் பொழுதுக்குப் பாட்டு உண்டு, உபன்யாசம் உண்டு, நாடகம் உண்டு. அவற்றை விட்டுவிட்டு ஆங்கில இலக்கணம் கேட்க வந்திருக்கிறீர்களே, அந்த அக்கறைக்கு முதலில் என் நன்றி. நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒன்று இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’. அவ்வளவுதான். தொடக்கப் பள்ளியிலேயே வந்துவிடும் பாடம். அதற்கு ஒரு சொற்பொழிவு தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை என்கிறேன். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. ஏன் தடுமாறுகிறார்கள்? ஆங்கிலம் கடினம் என்பதாலா? நம் பிள்ளைகளுக்கு அறிவு போதாது என்பதாலா? இரண்டும் இல்லை. இந்தப் பாடத்தின் உயிரான பகுதியைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்பே கற்றுவிடுகிறது. அதை அதற்கு எடுத்துச் சொல்ல நாம் தவறிவிட்டோம். இதுவே நான் இன்று நிறுவ விரும்பும் செய்தி.

முதலில் நம் ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள். ‘டுமாரோ எக்ஸாம் இஸ் தேர்.’ ‘ஒன் டவுட் இஸ் தேர்.’ ‘பார்க்கிங் இஸ் தேர்?’ ‘சேஞ்ச் இஸ் தேர்?’ பாண்டி பஜாரிலும் லஸ் முனையிலும் அடையாறு பஸ் நிலையத்திலும் இந்த ஆங்கிலத்தைக் கேட்காத நாள் உண்டா? இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அறியாமையால் வரும் பிழை என்றால் ஆளுக்கு ஒரு விதமாக அல்லவா வர வேண்டும்? ஒருவர் ‘எக்ஸாம் தேர் இஸ்’ என்பார், மற்றொருவர் ‘இஸ் எக்ஸாம் தேர்’ என்பார். அப்படி நடப்பதில்லை. லட்சக்கணக்கானோர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே வாய்பாட்டில் பேசுகிறார்கள். எல்லோரும் ஒன்றுபோல் செய்வதன் பின்னால் ஒரு விதி இருந்தே தீரும். அந்த விதி தமிழின் விதி. ‘நாளைக்கு எக்ஸாம் இருக்கு’ என்பதில் காலம் முதலில் வருகிறது, பொருள் நடுவில் வருகிறது, ‘இருக்கு’ கடைசியில் வருகிறது. அந்த வரிசை அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வரிசை போகட்டும், ‘இருக்கு’ என்பதற்கு ‘இஸ்’ மட்டும் போதாதா? ‘இஸ் தேர்’ என்று இரண்டு சொல் எதற்கு? இங்கேதான் தமிழ் மனம் செய்யும் நுட்பமான வேலை தெரிகிறது. ‘அவர் டாக்டர்’ என்கிறோம். அதில் வினைச்சொல்லே கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஹீ இஸ் எ டாக்டர்’ என்று ஒரு ‘இஸ்’ வேண்டும். ஆகவே தமிழ் மாணவன் முதன்முதலில் சந்திக்கும் ‘இஸ்’, அவன் மொழியில் எதற்கும் ஈடாகாத ‘இஸ்’. அவனைப் பொறுத்தவரை அது வெறும் ஒட்டு. பிறகு ‘இருக்கிறது’ என்ற கனமான சொல்லுக்கு ஆங்கிலம் தேடும்போது, அந்த மெல்லிய ஒட்டு அவனுக்குப் போதவில்லை. இன்னொரு சொல்லைச் சேர்த்து ‘இஸ் தேர்’ என்று அழுத்தம் கொடுக்கிறான். ஒன்று இன்னொன்றாக இருப்பது வேறு, ஒன்று உலகில் இருப்பது வேறு என்ற வேறுபாட்டை அவன் உணர்கிறான். ஆங்கிலம் இரண்டுக்கும் ‘இஸ்’ஸையே வைத்துக்கொண்டிருக்கிறது. நம் அண்டை மொழியான மலையாளம் முன்னதற்கு ‘ஆணு’ என்றும் பின்னதற்கு ‘உண்டு’ என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. சென்னை மாணவன் ‘இஸ் தேர்’ என்று சொல்லும்போது இந்தப் பாகுபாட்டைத்தான் காப்பாற்றப் பார்க்கிறான். அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

சரி, அவன் தேடுகிற ‘தேர் இஸ்’ ஆங்கிலத்தில் என்ன செய்கிறது? ஓர் எடுத்துக்காட்டு. மயிலாப்பூரையே அறியாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசுகிறோம். ‘தேர் இஸ் எ டெம்பிள் இன் மயிலாப்பூர்’ என்கிறோம். முறையான வாக்கியம். இப்போது கோயிலின் பெயரை வைத்துப் பாருங்கள். ‘தேர் இஸ் கபாலீஸ்வரர் டெம்பிள் இன் மயிலாப்பூர்.’ காதில் இடறுகிறது. ‘கபாலீஸ்வரர் டெம்பிள் இஸ் இன் மயிலாப்பூர்’ என்றால்தான் நேராகிறது. ஏன்? முதல் வாக்கியத்தில் கோயில் கேட்பவருக்குப் புதியது. அவர் மனத்துக்குள் அதை நாம் அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இரண்டாவதில் கோயில் தெரிந்த ஒன்று. அது எங்கே என்பதுதான் செய்தி. புதியதை அறிமுகப்படுத்த ‘தேர் இஸ்’. தெரிந்ததன் இடத்தைச் சொல்ல அதன் பெயரிலிருந்து தொடக்கம். ஆங்கில இலக்கணம் இவ்வளவுதான் சொல்கிறது. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் இவ்வகை வாக்கியங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். இவற்றில் வரும் எழுவாய் பெரும்பாலும் இன்னதென்று சுட்டப்படாத, அறியப்படாத பொருளாகவே இருக்கும் என்று அவர் கண்டார்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். ‘மயிலாப்பூரில் ஒரு கோயில் இருக்கிறது.’ ‘கபாலீஸ்வரர் கோயில் மயிலாப்பூரில் இருக்கிறது.’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொற்களின் இடம் மாறியதைக் கவனித்தீர்களா? கோயில் புதிதாக இருந்தபோது ஊர் முன்னே வந்தது, கோயில் வினையை ஒட்டி நின்றது. கோயில் தெரிந்ததானபோது அது முன்னே வந்துவிட்டது, ஊர் வினைக்கு அருகே போனது. இதை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த வகுப்பில் படித்தோம்? எந்தப் பரீட்சையில் எழுதினோம்? பாட்டி மடியில் கற்றோம். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்.’ தமிழ்நாட்டில் இந்தத் தொடக்கத்தைக் கேட்காத குழந்தை இல்லை. எந்தப் பாட்டியாவது ‘ராஜா ஒரு ஊரில் இருந்தார்’ என்று கதையைத் தொடங்கியதுண்டா? தொடங்கினால், ‘எந்த ராஜா?’ என்று மூன்று வயதுக் குழந்தை கேட்கும். அதே கதையின் அடுத்த வாக்கியம் ‘அந்த ராஜாவுக்கு’ என்று தொடங்கும். முதலில் ‘ஒரு’, பிறகு ‘அந்த’. முதலில் வினைக்குப் பக்கத்தில், பிறகு வாக்கியத்தின் தலையில். ஆங்கிலக் கதை ‘தேர் வாஸ் எ கிங்’ என்று தொடங்கி ‘தி கிங்’ என்று தொடர்வதும் இதே வேலைக்குத்தான். ஆங்கிலம் ஒரு தனிச் சொல்லை வைத்துச் செய்வதைத் தமிழ் சொல்வரிசையை வைத்துச் செய்கிறது. கருவி வேறு, காரியம் ஒன்று.

இது தற்செயலான ஒற்றுமை, கதைக்கு மட்டும் பொருந்தும் என்று யாராவது சொல்லக்கூடும். இன்னும் கடினமான ஒரு சோதனை வைப்போம். பெயர் தெரிந்த பொருளை ‘தேர் இஸ்’ஸோடு சேர்க்கக் கூடாது என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு விலக்கு உண்டு. மயிலாப்பூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், ‘தேர் இஸ் தி கபாலீஸ்வரர் டெம்பிள், தேர் இஸ் சாந்தோம் சர்ச், தேர் இஸ் தி ராமகிருஷ்ணா மடம்’ என்று அடுக்கலாம். பட்டியலிடும்போது மட்டும் தெரிந்த பெயருக்கும் ‘தேர் இஸ்’ இடம் கொடுக்கிறது. தமிழில் அதே கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம்? ‘கபாலி கோயில் இருக்கு, சாந்தோம் சர்ச் இருக்கு, ராமகிருஷ்ண மடம் இருக்கு.’ ஊரை விட்டுவிட்டோம், பெயரை வினையோடு ஒட்டிவிட்டோம். விதியில் மட்டுமல்ல, விதிவிலக்கிலும் இரண்டு மொழிகளும் ஒன்றாக நிற்கின்றன. விதியில் ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ளலாம். விலக்கும் ஒத்துப்போகும்போது அப்படித் தள்ள முடியுமா? தமிழன் மனத்தில் தெரிந்தது, தெரியாதது என்ற பாகுபாடு ஆழமாகப் பதிந்திருப்பதற்கு வேறு சான்றும் தருகிறேன். ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதும் ஒன்றா? முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது நாம் பேசிக்கொண்டிருந்த புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்பதிலும் விரிந்து நிற்பதிலும் இவ்வளவு பொருள் இருக்கிறது. தமிழருக்கு ‘எ’யும் ‘தி’யும் விளங்காது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு மட்டும் அந்த ‘தேர்’ எதற்கு? தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பவை இடம் மாறிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுவாய் வினைக்கு முன்னே இருந்தாக வேண்டும். ஆனால் புதிய செய்தியைப் பின்னுக்குத் தள்ளிச் சொல்வதுதான் அதற்கும் வசதி. என்ன செய்வது? எழுவாயின் இருக்கையில் பொருளற்ற ஒரு சொல்லை உட்கார வைத்துவிட்டு, உண்மையான பொருளைப் பின்னால் கொண்டுவருகிறது. ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் ‘இட்’ எதைக் குறிக்கிறது? எதையும் குறிக்கவில்லை. நாம் ‘மழை பெய்கிறது’ என்கிறோம், தீர்ந்தது. அந்த ‘இட்’டைப் போன்றதே இந்த ‘தேர்’. அதற்கு ‘அங்கே’ என்ற பொருள் ஒரு காலத்தில் இருந்தது. இந்த இடத்தில் தேய்ந்து போய்விட்டது. ‘தேர் இஸ் எ டெம்பிள் தேர்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை சொல்ல முடிகிறதே, இதைவிட வேறு சான்று வேண்டுமா? முதல் ‘தேர்’ விரைந்து, மெலிந்து, ‘தர்’ என்று ஒலிக்கும். கடைசி ‘தேர்’ முழுதாக ஒலிக்கும், அதுதான் ‘அங்கே’. ‘சார் இருக்காரா?’ என்று கேட்பதற்கு ‘இஸ் சார் தேர்?’ என்பது சரியாக இருப்பதன் காரணமும் இதுவே. சார் தெரிந்தவர், அவர் அங்கே இருக்கிறாரா என்பதே கேள்வி. ‘சில்லறை இருக்கா?’ என்பதற்கு அதே அமைப்பு பொருந்தாமல் போவதும் அதனால்தான். பிரெஞ்சு மொழி இதே தேவைக்கு ‘இல் யா’ என்கிறது, புதுச்சேரிப் பெரியவர்கள் அறிவார்கள். ஜெர்மன் மொழியில், அது கொடுக்கிறது என்ற பொருளில் அமைந்த தொடர் வழங்குகிறது. இந்தி நம்மைப் போலவே வரிசையை மாற்றிச் சமாளிக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர், உயிரில்லாப் பொருளானால் ‘கிடக்கு’ என்றும் சொல்வார்கள். மொழிக்கு மொழி உத்தி மாறுகிறது. கேட்பவர் மனத்தில் புதிய ஒன்றை நிறுத்த வேண்டிய தேவை எங்கும் மாறவில்லை.

அடுத்து உடைமைக்கு வருகிறேன். மாணவர் அதிகம் வழுக்கும் இடம் இது. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்.’ ‘என்னிடம் பணம் இருக்கிறது.’ ‘மேசையில் பணம் இருக்கிறது.’ மூன்றிலும் ‘இரு’ என்ற ஒரே வினை. ஆங்கிலம் முதல் இரண்டையும் பிரித்தெடுத்து ‘ஐ ஹாவ்’ என்கிறது. மூன்றாவதைத்தான் ‘தேர் இஸ்’ஸுக்கு விடுகிறது. இருத்தல், இடம், உடைமை ஆகிய மூன்று வகை வாக்கியங்களும் உலக மொழிகள் பலவற்றில் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை மொழியியலாளர் ஜான் லயன்ஸ் 1967இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அந்தப் பின்னல் தமிழில் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது பாருங்கள்! நம் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை இருக்கிறது. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, முறை என்றெல்லாம் பொருள் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். முறை என்றால் உறவுமுறை. ‘எனக்கு அண்ணன் இருக்கிறார்’ என்பது அந்த முறைப்பொருளே அல்லவா? ஆகவே மாணவனுக்கு ஒரே ஒரு வழி காட்டினால் போதும். ‘இருக்கிறது’ என்று முடியும் தமிழ் வாக்கியத்தில் ‘கு’ உருபு ஏற்ற ஆளோ ‘இடம்’ ஏற்ற ஆளோ நின்றால் ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ பக்கம் போ. ‘இல்’, ‘மேல்’, ‘கீழ்’ என்று இடம் நின்று, பொருள் புதிதாக இருந்தால் ‘தேர் இஸ்’ பக்கம் போ. ‘டவுட் இஸ் தேர்’ என்பது ‘ஐ ஹாவ் எ டவுட்’ ஆகும். ‘பார்க்கிங் இஸ் தேர்?’ என்பது ‘இஸ் தேர் பார்க்கிங்?’ ஆகும். தமிழாசிரியர் கற்பித்த உருபு ஆங்கில வகுப்பில் வழிகாட்டுகிறது.

இல்லாமையைச் சொல்வதிலும் நமக்குப் பழைய செல்வம் ஒன்று உண்டு. ‘இது பால் அல்ல.’ ‘இதில் பால் இல்லை.’ முதலாவது ஒன்று இன்னொன்றாக இருப்பதை மறுக்கிறது. இரண்டாவது ஒன்று இருப்பதையே மறுக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘திஸ் இஸ் நாட் மில்க்’, இரண்டாவது ‘தேர் இஸ் நோ மில்க் இன் திஸ்’. இன்றைய பேச்சில் ‘இது பால் இல்லை’ என்று இரண்டையும் ஒரே சொல்லில் கலந்துவிட்டோம். கலந்ததால் ஆங்கிலத்திலும் குழப்பம் வருகிறது. ‘அல்ல’ என்ற சொல்லை மாணவன் வாயில் மீண்டும் பழக்கினால் அவன் தமிழும் தெளியும், ஆங்கிலமும் தெளியும். ‘அவர் வீட்டில் இல்லை’ என்பது ‘ஹீ இஸ் நாட் அட் ஹோம்’ என்றுதான் வரும், ‘தேர் இஸ் நோ’ என்று வராது. அங்கே அவர் தெரிந்தவர். பழைய விதியே இங்கும் செல்லும்.

இதுவரை தமிழ் உதவும் இடங்களைச் சொன்னேன். உதவாத இடத்தையும் சொல்வதுதான் நேர்மை. ‘ஒரு புக் இருக்கு’, ‘ரெண்டு புக் இருக்கு’. பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமையும் பன்மையும் ஒரே ‘இருக்கு’. ‘ரெண்டு பேர் இருக்காங்க’ என்று உயர்திணைக்கு மட்டும் மாறுகிறோம். நமக்குத் திணை முக்கியம், ஆங்கிலத்துக்கு எண் முக்கியம். அதோடு நம் வினை கடைசியில் வருவதால் எத்தனை பொருள் என்பது அதற்குள் வாயிலிருந்து வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்று முடிவு செய்யும்போது பொருள் இன்னும் வாய்க்கே வரவில்லை. வரப்போவதை எண்ணி வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது உண்மையான சிரமம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘தேர்ஸ் டூ புக்ஸ்’ என்று ஒருமையைப் பன்மைக்கும் போட்டுவிடுகிறார்கள். இதைச் சீரழிவு என்று யாரும் பதற வேண்டாம். நம் ‘உண்டு’ நடந்த பாதை அது. ‘உண்டு’ என்பது அமைப்பால் அஃறிணை ஒருமைக்கு உரிய வினைமுற்று. பன்மைக்கு ‘உள’ என்ற தனி வடிவம் இருந்தது. தொல்காப்பியம் வினையியலில் இருதிணைக்கும் பொதுவான வினைகளை எண்ணும்போது ‘இன்மை செப்பல்’ என்று இல்லாமையைச் சொல்லும் வினையைச் சேர்த்தது. ‘உண்டு’ அந்த வரிசையில் இல்லை. 13ஆம் நூற்றாண்டு நன்னூலிலோ வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று விதி வந்துவிட்டது. இன்று ‘ஆடுகள் உண்டு, ஆட்களும் உண்டு’ என்கிறோம். இருப்பதைச் சொல்லும் சொல் நாளடைவில் எண்ணையும் பாலையும் உதறிவிட்டு நிற்கும். தமிழில் நடந்து முடிந்தது, ஆங்கிலப் பேச்சில் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் தேர்விலும் கடிதத்திலும் இன்னும் ‘தேர் ஆர் டூ புக்ஸ்’ என்றே எழுத வேண்டும். அதற்குப் பயிற்சி ஒன்றே வழி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: இலக்கணம் சொல்லி மொழி வருமா? காதால் கேட்டு, வாயால் பேசித்தானே வரும்? இதற்குச் சென்னையிலேயே மதிப்புக்குரிய ஒரு முன்னோடி உண்டு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணப் பாடமே இல்லாமல், மாணவர்கள் கணக்கும் வரைபடமும் கால அட்டவணையும் போன்ற பணிகளில் மனத்தைச் செலுத்தும்போது ஆங்கிலம் தானே உள்ளே இறங்குமா என்று சோதித்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அதை அறியும். 1987இல் அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அவருடைய நம்பிக்கையில் பெரும் உண்மை இருக்கிறது. பொருளில் மனம் ஈடுபடாமல் வாய்பாட்டை உருப்போட்டு எவரும் பேசக் கற்றதில்லை. ஆனால் நம் பாடத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த ‘தேர்’ காதில் விழுவதே இல்லை! ‘தர்ஸ்’ என்று கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். அழுத்திச் சொல்லும் சொல்லைக் காது பிடிக்கும். பொருளும் இல்லாத, அழுத்தமும் இல்லாத சொல்லை எதைக்கொண்டு பிடிக்கும்? நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, மாலையில் தியாகராய நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு மணி நேரம் வரும் பெண்ணுக்கு, ஆயிரம் முறை கேட்டுப் பழகும் வாய்ப்பு எங்கே இருக்கிறது? அவளுக்குப் பத்து நிமிட விளக்கம் பல மாதத் தவிப்பை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் மறுப்பு: ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் கெடும். இந்த எண்ணம் பழையது. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி நடந்தது. ஆங்கில வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, பொருளைக் கையில் காட்டி, வாய்மொழியாகப் பழக்கும் முறை அது. ஒழுங்கைத் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் மாணவன் தன் தமிழை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருவான் என்று அப்படிப்பட்ட முறைகள் நினைத்துவிட்டன. யாரால் அது முடியும்? ஆசிரியர் தமிழைப் பேசாவிட்டாலும் மாணவன் மனத்தில் தமிழ் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. ‘எக்ஸாம் இஸ் தேர்’ அதன் குரல்தானே? கண்ணை மூடிக்கொண்டு அதை வேலை செய்ய விடுவதா, எடுத்து மேசைமேல் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதா? 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே பன்மொழிச் சூழலை வகுப்பறையின் வளமாகக் கொள்ளச் சொன்னது.

ஆங்கிலேயர் தமிழ் கற்றபோது எப்படிக் கற்றார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1812இல் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கிற்று. கும்பினி அதிகாரிகள் தென்னாட்டு மொழிகளைக் கற்றது அங்கேதான். நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பெயர் தந்தது அந்தக் கல்லூரி. பள்ளிக் கல்வித் துறை இன்று இயங்கும் வளாகமும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1839இல் ஜி.யு. போப் வந்திறங்கியது இதோ பக்கத்தில், சாந்தோமில். பின்னாளில் ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்கென்று அவர் எழுதிய பாட நூல்கள் எந்த மொழியில் விளக்கம் சொல்லின? ஆங்கிலத்தில்! ஆங்கிலம் அறிந்தவனுக்கு ஆங்கிலத்தின் வழியே தமிழைத் திறந்து காட்டினார். அதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம். ஆங்கிலேயன் தன் மொழியை ஊன்றுகோலாகப் பிடித்து நம் மொழிக்கு வரலாம், நாம் நம் மொழியைப் பிடித்து அவன் மொழிக்குப் போகக் கூடாதா? இது என்ன நியாயம்?

மூன்றாம் மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘எக்ஸாம் இஸ் தேர்’ என்பதை ஏன் திருத்த வேண்டும்? அது இந்திய ஆங்கிலம், எங்கள் ஆங்கிலம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, ஆங்கிலம் இந்திய மண்ணில் இந்திய உருவம் கொள்வதைப் பிழையாகப் பார்க்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அடையாறு கடையில் ‘சேஞ்ச் இஸ் தேர்?’ என்று கேட்டால் சில்லறை கிடைக்கிறது. மொழியின் வேலை முடிந்தது. அதைப் பேசுபவரைக் கேலி செய்வதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. என் கவலை வேறு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், கடல் கடந்து படிக்கப் போகும்போதும், நேர்காணலில் உட்காரும்போதும் இதே வாக்கியத்தை வைத்து ஒருவரை எடைபோடுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வகையும் தெரியும். இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றுதான் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் இரண்டும் தெரிய வேண்டும். எதை எங்கே பேசுவது என்று அது முடிவு செய்துகொள்ளட்டும். அந்தத் தேர்வை அதன் கையில் கொடுக்காமல், ‘உன் ஆங்கிலமே போதும்’ என்று தட்டிக்கொடுப்பது அன்பாகத் தோன்றலாம்; கதவு என்னவோ மூடியே இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும் ஒரே பிள்ளையின் பையில் ஒன்றோடொன்று ஒட்டியே பள்ளிக்கு வருகின்றன. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேற்றுமை ஒரு பிரிவேளையில் முடிகிறது, அடுத்த பிரிவேளையில் ‘இன், ஆன், அட்’ தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு வார்த்தைப் பரிமாற்றம் நடப்பதில்லை. வரும் வாரத்தில் ஒரு பிரிவேளையை இருவரும் சேர்ந்து எடுங்கள். கரும்பலகையின் இடப்பக்கம் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்’ என்று தமிழாசிரியர் எழுதட்டும். ‘ராஜா ஒரு ஊரில் இருந்தார்’ என்று அதன் கீழே எழுதி, கதையை எதில் தொடங்குவீர்கள், ஏன் என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் காரணத்தை, அவர்கள் சொற்களிலேயே, ஆங்கில ஆசிரியர் வலப்பக்கம் குறித்துக்கொண்டு அதன்பின் ‘தேர் வாஸ் எ கிங்’ என்று எழுதட்டும். ‘கு’ வரும் வாக்கியங்களை அடுத்த நாளும், ‘அல்ல’, ‘இல்லை’ இரண்டையும் அதற்கடுத்த நாளும் வைத்துக்கொள்ளலாம். ‘இஸ்’, ‘ஆர்’ பயிற்சிக்கு மட்டும் கூடுதலாக நாட்கள் ஒதுக்குங்கள். அங்கே தமிழ் கைகொடுக்காது. வகுப்பிலுள்ள பென்சில்களையும் ஜன்னல்களையும் நாற்காலிகளையும் ஒன்று ஒன்றாகவும் இரண்டு இரண்டாகவும் காட்டி, பிள்ளைகளையே சொல்ல வைத்து, நாக்குத் தடுமாறாமல் வரும்வரை செய்ய வேண்டியிருக்கும்.